மூடியில் எழுதிய பெயர்

இந்த மடலில் எழுத நினைத்திருப்பவை:

1. ஃபிரிட்ஜில் இருக்கும் ஊசி.
2. நீயும் நானும் பார்த்த வேலை.
3. மூடி மாறிய தட்டுகள்.
4. பரிசோதனை செய்துகொள்ளாமல் நீ அவசரப்பட்டது.
5. நான் என்ன செய்யப் போகிறேன் என்பது.

கடிதத்துக்கும் அட்டவணையா என்று நீ சிரிப்பாய். வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது. போட்டுக்கொண்டாலும் சரியாக வருமா என்பது சந்தேகம்தான்.

முதலாவது. இன்று காலை தயிர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தபோது தெர்மாகோல் வாசனை வந்தது. குளிர்ந்த தெர்மாகோலுக்கு ஒரு வாசனை உண்டு. உனக்குத் தெரியும். வேறு யாரிடமாவது சொன்னால் தெர்மாகோலுக்கு ஏது வாசனை என்பார்கள். தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் அந்தச் சின்னப் பெட்டி இருக்கிறது. உள்ளே, மருந்து ஏற்றியே வரும் ஊசிகள். முடக்குவாதத்துக்கு. உனக்கு வந்த அதே வாதம் இந்த வயதில் எனக்கும் வந்திருக்கிறது. காலையில் விரல்கள் மடங்க மறுக்கின்றன. காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துத்தான் தூக்குகிறேன். பிற்பகலில் விரல்கள் கொஞ்சம் இளகும். அப்போதுதான் எழுத முடிகிறது.

பெட்டி வந்து பல நாளாகிவிட்டது. என் மனைவி இன்றும் கேட்டாள்.

"இத எப்பதான் போட்டுக்கிடப் போறீய? எலுமிச்சம்பழம் வைக்க எடமில்ல."

"பார்க்கலாம்."

"ஊசிய ஃபிரிட்ஜுல வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தா வாதம் போயிருமாக்கும்."

பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பெட்டியின்மேல் இருக்கும் மருந்தின் பெயர் உன் பெட்டியின்மேல் இருந்த அதே பெயர். அதைப் போட்டுக்கொண்டுதான் நீ செத்துப்போனாய்.

இரண்டாவது. நாம் பார்த்த வேலையை உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் என் பயத்தின் காரணம் அதில்தான் இருக்கிறது. என் மகள் எப்போதாவது இதைப் படித்தால் அவளுக்கும் விளங்க வேண்டும்.

பேகம்பேட்டை விமான நிலையத்திலிருந்து நீ ஸ்கூட்டரில் கொண்டுவந்த தெர்மாகோல் பெட்டி நினைவுக்கு வருகிறது. கால்களுக்கிடையில் அதை வைத்து, முழங்காலால் இறுக்கிக்கொண்டு தார்நாகாவில் நம் ஆய்வுக்கூடம் வரை வந்திருந்தாய். மூடியைத் திறந்தால் உலர்பனியின் புகை. அந்தப் புகைக்கு அடியில் சுண்டுவிரல் நகம் அளவு மருந்து. காமா இன்டர்ஃபெரான். வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கில் காத்திருந்தோம். வாசலில் நின்றுகொண்டு நீ சத்தம் போட்டாய்.

"மாப்பிள்ளை வந்தாச்சு! ஆரத்தி எங்கே? அரே மியான், என்ன முழிக்கிறே, ஃப்ரீசரைத் திற!"

நீ எல்லாரையும் 'மியான்' என்றுதான் கூப்பிடுவாய். லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். உன் தமிழில் பாதி தெருவில் விளையாடும்போது கற்றது. நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவன். எனக்கு உன் பேச்சு பிடிபடவே ஒரு வருடம் ஆயிற்று.

ஆண்டுக்கு ஒருமுறை பொதுமக்கள் நம் ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வருவார்கள். விளக்கம் சொல்வது உன் வேலை. எனக்குக் கூட்டத்தைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் நின்று நீ சொல்வாய்:

"இதுதாங்க மேக்ரோஃபேஜ். உடம்புக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கிற டி.டி.ஆர். டிக்கெட் இல்லாம எந்தக் கிருமி வந்தாலும் பிடிச்சு விழுங்கிருவான். ஆனா இந்தக் காசநோய்க் கிருமி இருக்கானே, இவன் கில்லாடி. டி.டி.ஆர். பிடிச்சு ஒரு கேபின்ல அடைச்சா, இவன் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்குவான். சோத்து மூட்டையைப் பிரிச்சுக் குடும்பமே நடத்துவான். டி.டி.ஆருக்கு என்ன செய்யறதுன்னு தெரியாது. அப்ப ஸ்டேஷன்லேர்ந்து ஒரு தந்தி வரணும். 'உள்ளே ஆள் இருக்கான், கதவை உடை'ன்னு. அந்தத் தந்திதான் நாங்க ஃப்ரீசர்ல வச்சிருக்கிறது."

கடைசியில் என் பக்கம் திரும்பி, "விழுங்கறது வேற, கொல்றது வேற. என்ன மியான், சரிதானே?" என்பாய். நான் தலையாட்டுவேன். என் பங்கு அவ்வளவுதான்.

நீ சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. டி-செல்கள் என்னும் வெள்ளை அணுக்கள் அனுப்பும் காமா வந்து சேர்ந்ததும் மேக்ரோஃபேஜ் விழித்துக்கொள்கிறது. கிருமி ஒளிந்திருக்கும் பைக்குள் அமிலத்தைக் கொட்டுகிறது, நைட்ரிக் ஆக்சைடு தயாரித்து அதன்மேல் விடுகிறது. பிறகு அதுவே இன்னொரு சேதி அனுப்புகிறது. அதன் பெயர் டி.என்.எஃப். அந்தச் சேதியைக் கேட்டு மற்ற செல்கள் வந்து, கிருமி இருக்கும் இடத்தைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்து வளையம் கட்டிவிடுகின்றன. கொல்ல முடியாமல் போன கிருமி அந்த வளையத்துக்குள் பல பத்தாண்டுகள் தூங்கிக்கொண்டே இருக்கும். வளையம் கலையாமல் இருக்க அந்தச் சேதி நிற்காமல் வந்துகொண்டிருக்க வேண்டும்.

முடக்குவாதத்தில் மூட்டை வீங்க வைப்பதும் இதே டி.என்.எஃப்.தான். இந்த ஊசி அதைப் பிடித்து நிறுத்துகிறது. விரல்கள் இளகும். உள்ளே தூங்கும் கிருமியைச் சுற்றி வளையம் இருந்தால் அதுவும் இளகும். அதனால் ஊசிக்கு முன்னால் பரிசோதனை செய்கிறார்கள். கிருமி இருந்தால் முதலில் அதற்கு மாத்திரை, பிறகுதான் ஊசி. உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் உனக்கும் எனக்கும் தெரிந்த வரிசை இது.

மூன்றாவது. இதை நீ எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாய். நானே ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.

தட்டுகள் இரண்டு வகை. முதல் வகையில் மேக்ரோஃபேஜ்களுக்குக் காமாவைக் கொடுத்து ஓர் இரவு விட்டு, மறுநாள் கிருமியை விட்டோம். இரண்டாவது வகையில் காமாவே இல்லை. காசநோய்க் கிருமியின் சாதுவான தம்பியைத்தான் பயன்படுத்தினோம், தடுப்பூசியில் இருப்பதை. செல்களை உடைத்து, தப்பிப் பிழைத்த கிருமிகளை வளர்தட்டில் பரப்பினோம். அவை கண்ணுக்குத் தெரியுமளவு வளர வாரக்கணக்கில் ஆகும். அத்தனை வாரமும் காத்திருந்து திறந்தால், காமா என்று எழுதிய தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகக் கிருமிக் கூட்டம். காமா இல்லாதவற்றில் அங்கொன்றும் இங்கொன்றும்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. விமானத்தில் வந்த மருந்தை நான்தான் கெடுத்துவிட்டேன் என்று முடிவு கட்டினேன். ஒவ்வொரு படியையும் திரும்பத் திரும்ப யோசித்தேன். காமா இல்லை என்று எழுதியிருந்த ஒரு தட்டை நீ எடுத்துக் கவிழ்த்தாய். அடிப்பக்கத்தில், கண்ணாடியில் எழுதும் மெழுகுப் பென்சிலால் ஒரு பொட்டு. உன் வழக்கம் அது. காமா விட்ட தட்டுக்கு மட்டும் அடியில் ஒரு பொட்டு வைப்பாய். நான் அழகான கையெழுத்தில், தேதியோடு, எல்லாவற்றையும் மூடியில் எழுதியிருந்தேன். பரப்பும்போது மூடிகளை வரிசையாகக் கழற்றி வைத்து, திரும்ப மூடும்போது மாற்றிப் போட்டிருக்கிறேன்.

"மூடியில பேர் எழுதாதே மியான். மூடி மாறும். அடியில எழுது."

அன்று முடிவுகளைப் பதியும் தாளில் நான் எழுதியிருந்ததை அழிக்கப் போனேன். நீ கையைப் பிடித்துத் தடுத்தாய். நம் கூடத்து வழக்கம், தவறானதை அழிக்கக் கூடாது. படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு போட வேண்டும். பக்கத்தில் எழுதியவர் கையெழுத்து ஒன்று, உடன் பார்த்தவர் கையெழுத்து ஒன்று. நான் போட்டேன். நீயும் போட்டுவிட்டு, "இப்ப நீ செஞ்ச தப்புல எனக்கும் பங்கு வந்துருச்சு. வா, சாய் வாங்கிக் கொடு" என்றாய்.

நான்காவது. இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று பல வருடங்களாக வைத்திருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு வாதம் உன் கைகளைப் பிடித்தது. ஈரானி ஹோட்டலில் சாய்க் கோப்பையைப் பிடிக்க முடியாமல் சாசரில் ஊற்றி, குனிந்து வாய் வைத்துக் குடித்தாய். சட்டைப் பொத்தானை உன் மனைவி சரோஜாதான் போட்டுவிடுகிறாள் என்றாய், அதையும் வேடிக்கையாகத்தான் சொன்னாய். பிறகு ஒரு நாள் கோப்பையைக் காதைப் பிடித்து ஒரே கையில் தூக்கிக் காட்டினாய்.

"பார்த்தியா? ஊசி. நம்ம டி.என்.எஃபைப் பிடிச்சுக் கட்டிப் போட்டாச்சு."

எனக்குக் கோப்பை தெரியவில்லை, வளையம்தான் தெரிந்தது. "டெஸ்ட் பண்ணினியா?" என்று கேட்டேன்.

"டெஸ்ட்டா? நக்கோ மியான், வேண்டவே வேண்டாம்! வாழ்க்கை முழுக்க அந்தப் பூச்சியோட குடும்பம் நடத்தினவன் நான். என்னை டெஸ்ட் பண்ணி அந்த டாக்டர் என்ன தெரிஞ்சுக்கப் போறான்?"

மேலே ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அப்படிக் கேட்கத் தெரியாது. சில மாதங்களில் உனக்கு மாலைதோறும் காய்ச்சல் வந்தது. உடம்பு வற்றியது. கிருமி நுரையீரலிலிருந்து ஈரல், முதுகெலும்பு என்று பரவிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் முகமூடி போட்டுக்கொண்டு வாசற்படியிலேயே நின்றேன். படுக்கையிலிருந்து நீ கையை ஆட்டினாய். விரல்கள் நன்றாக மடங்கி நிமிர்ந்தன. அதைக் கவனித்தேன். "நம்ம ஆளுதான் மியான். லாலாகூடாவிலேயே ஏறியிருக்கான், இத்தனை வருஷம் டிக்கெட் இல்லாமலே வந்திருக்கான்" என்றாய். நர்ஸ் சிரித்தாள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

உன் காரியங்கள் முடிந்து வீட்டுக்கு வந்து குளித்தேன், சாப்பிட்டேன், தூங்கினேன். அழுகை வரவில்லை. உன்மேல் கோபம் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்றுதான் சொல்ல முடியும். கோபம் வந்தால் உடம்பு சூடாகும் என்பார்கள், எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. வரிசை நன்றாகத் தெரிந்தவன் நீ, நீயே வரிசையைத் தாண்டிக் குதித்தாய் என்ற ஒரு வாக்கியம் மட்டும் உள்ளே உட்கார்ந்துகொண்டது. சரோஜாவைப் பார்க்கவும் அதன்பின் போகவில்லை. நான் இருக்கும் ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து அவள் இருக்கும் மௌலா அலிக்கு ஆட்டோவில் சிறிது நேரம்தான்.

நேற்று இங்கே நிறுத்தினேன். ஐந்தாவது எளிது என்று தோன்றியது. நான் ரத்தம் கொடுத்துப் பரிசோதித்துக்கொண்டவன். கிருமி இல்லை என்று முடிவு வந்திருக்கிறது. நீ செய்யாததை நான் செய்துவிட்டேன், ஆகவே எனக்கு அந்த ஆபத்து இல்லை. வியாழக்கிழமை ஊசி போட்டுக்கொள்வதாக மனைவியிடமும் சொல்லிவிட்டேன். ஒரே ஒரு சின்னச் சந்தேகம் பாக்கி, வயிற்றில் போட்டால் வலி குறைவா, தொடையில் போட்டாலா என்று. டாக்டரிடம் இதைப் போய்க் கேட்கக் கூச்சம். சரோஜாவுக்குத் தெரிந்திருக்கும். இன்று காலை ஆட்டோ பிடித்தேன்.

சரோஜா கதவைத் திறந்தாள். தலை முழுவதும் நரைத்திருந்தது. குரல் அப்படியேதான்.

"யாரு, அண்ணாவா? வழி மறந்துபோச்சுன்னு நினைச்சேன்."

நான் கையைக் காட்டினேன்.

"அய்யோ, உங்களுக்குமா? போயும் உங்களை விடல பாருங்க அவரு. உட்காருங்க, சாய் போடறேன்."

ஊசியைப் பற்றிக் கேட்டேன். தொடைதான் நல்லது என்றாள், அவள்தான் உனக்குப் போட்டுவிட்டாளாம். பிறகு, "நீங்க டெஸ்ட் பண்ணிட்டீங்கல்ல அண்ணா?" என்று கேட்டாள்.

"பண்ணிட்டேன்மா. அவன்தான் பண்ணாம விட்டுட்டான்."

சரோஜா சாய்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"யாரு சொன்னா?"

"அவனே சொன்னான். ஹோட்டல்ல."

"உங்ககிட்டயா? உங்களைச் சீண்டாம அவருக்கு சாய் உள்ள இறங்குமா? ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணாங்கண்ணா. முதல்ல கையில மருந்து குத்தி, தடிக்குதான்னு திரும்ப வந்து காட்டச் சொன்னாங்க. தடிக்கவே இல்ல. இவரு நம்பல. 'இன்னொண்ணு பண்ணு'ன்னு அவரே கேட்டு ரத்தம் கொடுத்தாரு. நான்தான் கூடப் போனேன். அதுவும் ஒண்ணுமில்லைன்னு வந்தப்புறம்தான் ஊசி."

"அப்புறம் எப்படி..."

"அதை ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு அவரே கண்டுபிடிச்சாரு. வலி தாங்காம மெடிக்கல் ஷாப்ல வாங்கி வாங்கி முழுங்கினாரே, சின்ன வெள்ளை மாத்திரை, ஸ்டீராய்டு. அது டெஸ்ட்டை மூடி மறைச்சிருச்சாம். 'சரோஜா, தந்தி ஆபீஸையே தூங்க வச்சுட்டு, தந்தி வரலைன்னு சந்தோஷப்பட்டேன்'னாரு. டாக்டரைக் கூப்பிட்டு, இனிமே வர்றவங்ககிட்ட முதல்ல மாத்திரையைக் கேளுங்கன்னு சொன்னாரு. உங்களுக்குத் தெரியும்னு இருந்தேன் அண்ணா."

எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

என் சட்டைப் பையில் ஓர் அட்டை இருந்தது. காலனி கிளினிக்கில் கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரை. மாதக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்கிறேன். வாத டாக்டர் சித்தூர்ப் பக்கத்துப் பெண், தமிழ் தெரியும். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று முதல் நாளே கேட்டார். இன்னொரு டாக்டரிடம் போனதற்குக் கோபித்துக்கொள்வாரோ என்று, இல்லை என்றேன்.

அந்த ரத்தப் பரிசோதனை எதை அளக்கிறது? நீ முழங்காலில் இறுக்கிக்கொண்டு வந்த அதே காமாவைத்தான். ரத்தத்துக்குக் கிருமியின் புரதத் துண்டைக் காட்டுவார்கள். கிருமியை முன்பே அறிந்த செல்கள் அதைக் கண்டதும் காமாவை விடும். ஸ்டீராய்டு அந்தச் செல்களின் வாயை அடைத்துவிடும். இதை ஒரு தேர்வில் கேட்டிருந்தால் நான் ஒரு பக்கம் எழுதியிருப்பேன். ஒரு தட்டில் என்னென்ன விட்டோம் என்று ஒரு துளி விடாமல் எழுதுகிறவன், என் உடம்பில் விட்டதை எழுதவில்லை.

சரோஜா, "என்னண்ணா, சாய் ஆறுது" என்றாள். அட்டையை மேசைமேல் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "ஆட்டோ அனுப்பிட்டீங்களா? இருங்க, நானும் வர்றேன்" என்று செருப்பைத் தேடினாள்.

நேராக டாக்டரிடம் போனோம். நான் வாயைத் திறக்குமுன் சரோஜா அட்டையை மேசைமேல் போட்டாள். டாக்டர் அதைத் திருப்பிப் பார்த்தார்.

"அங்கிள், நீங்களே இதுல ஆராய்ச்சி பண்ணினவர்."

"ஆமாம்மா."

"ஊசி போட்டுட்டீங்களா?"

"வியாழக்கிழமை போடறதா இருந்தேன்."

"தொடாதீங்க. மாத்திரையையும் சட்டுன்னு நிறுத்தக் கூடாது, நான் சொல்றபடி மெல்லக் குறைக்கணும். இப்பவே ஸ்கேனுக்குப் போங்க."

அன்று எழுதியது அவ்வளவுதான். அதற்குப் பிறகு சில வாரங்கள் போய்விட்டன. ஸ்கேனில் வலது நுரையீரலின் மேற்பகுதியில் ஒரு பழைய தழும்பு தெரிந்தது. மாத்திரையைக் குறைத்த பிறகு ரத்தத்தைத் திரும்பவும் சோதித்தார்கள். இந்த முறை காமா வந்தது. எனக்குள்ளும் ஒருவன் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இருக்கிறான். எந்த ஸ்டேஷனில் ஏறினான் என்று தெரியவில்லை. இப்போது அவனுக்கு மருந்து சாப்பிடுகிறேன், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. ஊசி பிறகுதான். பெட்டி ஃபிரிட்ஜிலேயே இருக்கிறது. எலுமிச்சம்பழத்தை மனைவி வெளியே கூடையில் வைத்துவிட்டாள்.

விரல்கள் முன்னைவிட மோசம். மாத்திரை குறைந்ததால் வலி கூடியிருக்கிறது. பரவாயில்லை. சரோஜா வாரம் ஒருமுறை போன் செய்து, "மாத்திரை போட்டீங்களா?" என்கிறாள். போட்டேன் என்கிறேன். உண்மையைத்தான் சொல்கிறேன்.

இந்த மடலை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். உன்னையும் மூடியைப் பார்த்துத்தான் படித்திருக்கிறேன். நீ வேடிக்கையாகச் சொன்ன ஒரு வாக்கியத்தைத் தேதி போட்டு வைத்துக்கொண்டு, கவிழ்த்து அடியில் பார்க்கவில்லை. நீ வரிசையைத் தாண்டவில்லை. என்னைவிட ஒரு பரிசோதனை கூடுதலாகவே செய்துகொண்டாய். நீ கடைசியில் கண்டுபிடித்ததுதான் வியாழக்கிழமை போடவிருந்த ஊசியிலிருந்து என்னைக் காப்பாற்றியது. இதை எழுதும்போதும் அழுகை வரவில்லை. விரல்தான் வலிக்கிறது.

நான்காவது தவறு. அதை அழிக்கவில்லை. மேலே அட்டவணைக்குப் போய், படிக்கும்படியாக ஒரே ஒரு கோடு போட்டிருக்கிறேன். விரல் ஒத்துழைக்காததால் கோடு கொஞ்சம் கோணலாக இருக்கிறது. பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன். அதற்கு அடுத்து, உடன் பார்த்தவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன்.